உயிர் காத்த வீரர் சுபேதார் சுப்பிரமணியன்

வீரர் என்றதும் எதிரிகளை வீழ்த்தி வெற்றிக்கொடி நாட்டியவரே நம் நினைவுக்கு வருவார். ஆனால் துப்பாக்கியைத் தூக்காமலே, தம் கூட்டாளிகளின் உயிரைக் காத்து அழியாப் புகழ் பெற்ற தமிழர் ஒருவர் உண்டு. அவரே சுபேதார் சுப்பிரமணியன்.

இவர் காஞ்சிபுரத்தை அடுத்த கீழ் ஒட்டிவாக்கம் என்னும் சிற்றூரில் 1912ஆம் ஆண்டு பிறந்தார். வளர்ந்தபின் மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தார். 1780இல் தோன்றிய படை அது. பாலம் கட்டுவதும், பாதை அமைப்பதும், பகைவர் புதைத்த கண்ணிவெடிகளை அகற்றுவதும் அப்படையினரின் பணியாகும். அதில் படிப்படியாக உயர்ந்து சுபேதார் ஆனார்.

இரண்டாம் உலகப் போரில் இந்திய வீரர்கள் பலர் இத்தாலி நாட்டிற்கு அனுப்பப்பட்டனர். ரோமாபுரிக்குச் செல்லும் வழியில் காசினோ மலை உள்ளது. அதன் உச்சியில் புனித ஆசீர்வாதப்பர் நிறுவிய பழமையான மடம் இருந்தது. 1944 பிப்ரவரி 15 அன்று அது குண்டுவீச்சில் இடிந்து விழுந்தது. ஒன்பது நாட்கள் கழித்து, பிப்ரவரி 24 அன்று, அம்மலைக்குத் தெற்கே மிஞ்ஞானோ என்னும் ஊரருகே சுப்பிரமணியன் தம் குழுவினருடன் கண்ணிவெடிகளைத் தேடிக் கொண்டிருந்தார்.

நம் காவிரி நாட்டு உழவர்கள் வெறுங்காலுடன் வரப்பில் நடப்பார்கள். சேற்றில் கால் வைக்க அஞ்சமாட்டார்கள். அங்கோ ஒவ்வோர் அடியிலும் எமன் காத்திருந்தான். குழுவில் ஒருவர் தவறுதலாக ஒரு வெடியை மிதித்துவிட்டார். மிதித்த சில விநாடிகள் கழித்தே முழு வேகத்துடன் வெடிக்கும் வகையைச் சேர்ந்தது அது. சுப்பிரமணியன் இதை நன்கு அறிந்தவர். அந்தச் சில விநாடிகளில் அவர் விலகித் தம்மைக் காத்துக்கொள்ள முயன்றிருக்கலாம். ஆனால் மற்றவர்களின் கதி என்ன ஆவது? அவர் வெடியின்மேல் பாய்ந்து தம் உடலால் அதை மூடினார். வெடித்த வேகத்தைத் தாமே தாங்கி உயிர் நீத்தார். உடனிருந்தவர்கள் பிழைத்தனர்.

அவரது தியாகத்திற்காக ஜார்ஜ் சிலுவைப் பதக்கம் வழங்கப்பட்டது. ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1940இல் ஏற்படுத்திய விருது இது. வெள்ளிச் சிலுவையின் நடுவே புனித ஜார்ஜியார் பறவைநாகத்தை வெல்லும் உருவம் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்விருது நேரடியாக அளிக்கப்பட்ட முதல் இந்தியர் சுப்பிரமணியனே. கணவரின் பதக்கத்தை அவருடைய மனைவி வைசிராய் வேவல் பிரபுவிடமிருந்து பெற்றுக்கொண்டார். ஒரு பெண்ணுக்கு அந்தச் சிலுவை எவ்வளவு பாரமாய் இருந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம்மை அடிமைப்படுத்திய அரசின் படையில் இருந்தவர்தாமே என்று சிலர் கேட்கலாம். அவர் அந்த நொடியில் உயிர் கொடுத்தது எந்த அரசுக்காகவும் அன்று. தம் அருகில் நின்ற மனிதருக்காக. அன்பு இவ்வளவு விரைவாக முடிவெடுக்க வேண்டுமானால், அது நெடுநாள் பழகிய அன்பாக இருந்திருக்க வேண்டும்.

போர்க்களம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, வாய்க்கவும் வேண்டாம். ஆனால் பிறருக்குத் துன்பம் நேரும்போது விலகிச் செல்வதா, அருகில் செல்வதா என்னும் கேள்வி நம் ஒவ்வொருவருக்கும் வரும். அன்று இத்தமிழ் வீரரை நினைவில் கொள்வோமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி, பூம்புகார்