ஏழைன்னு கேலி பண்ணாங்க... அட்வான்ஸ் கொடுத்தே காசு பார்த்த கிரேக்க ஞானி! யார் இந்த தேல்ஸ்?

பத்தாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தில் வரும் தேல்ஸ் தேற்றம் ஞாபகம் இருக்கா? மார்க்குக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்தான், இன்று செல்போனில் நடக்கும் ஆப்ஷன் டிரேடிங்குக்கும் முன்னோடியாகச் சொல்லப்படுகிறார். எப்படி?

யார் இவர்?

சுமார் 2,600 ஆண்டுகளுக்கு முன், இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த மிலீட்டஸ் நகரில் வாழ்ந்தவர். நம்ம ராயபுரம் மாதிரி கப்பலும் சரக்குமாக இருந்த ஊர். எல்லாவற்றுக்கும் மூலம் தண்ணீர்தான் என்றார். கி.மு. 585-ல் வந்த சூரிய கிரகணத்தை முன்கூட்டியே சொன்னவர் என்றும் பெயர். ஆனால் கையில் காசு இல்லை. இவ்வளவு படிச்சு என்ன பிரயோஜனம் என்று ஊர் கேலி பேசியது.

செக்கு வியாபாரம்

அடுத்து நடந்ததை, சுமார் 200 ஆண்டுகள் கழித்து அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். ஆலிவ் விளைச்சல் அமோகமாக இருக்கும் என்று வானியலை வைத்து தேல்ஸ் கணித்தார். குளிர்காலத்திலேயே, மிலீட்டஸிலும் கியோஸ் தீவிலும் இருந்த எண்ணெய்ச் செக்குகள் எல்லாவற்றுக்கும் சின்னச் சின்ன அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்து வைத்தார். சீசன் இல்லாததால் போட்டிக்கு ஆளே இல்லை. அறுவடை வந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செக்கு தேவைப்பட்டது. அவர் வைத்ததுதான் ரேட்!

நினைத்தால் தத்துவஞானியும் பணக்காரர் ஆகலாம், ஆனால் அவருடைய ஆசை அது இல்லை என்பது அரிஸ்டாட்டில் சொல்லும் விளக்கம்.

புளியந்தோப்புக்கு என்ன பாடம்?

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடியும். பிறகு காசிமேட்டில் வண்டிகளுக்குக் கிராக்கி. புளியந்தோப்பில் ஒருவர் மே மாதமே 2,000 ரூபாய் கொடுத்து, ஒரு மினி வேனைப் பேசி வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மீன் நிறைய வந்தால் லாபம். வராவிட்டால் வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடலாம். போவது அந்த 2,000 மட்டும்தான். ஆப்ஷன் வாங்குவதன் அடிப்படையும் இதுதான்.

அப்போ ஏன் நஷ்டம்?

2024-ல் வெளியான செபி ஆய்வின்படி, முந்தைய 3 நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். தேல்ஸிடம் சொந்தக் கணிப்பு இருந்தது. போட்டதும் கையில் இருந்த சின்னத் தொகை. யாரோ கொடுத்த டிப்ஸை நம்பி, கந்து வட்டிக்கு வாங்கிப் போடுவது அந்தக் கணக்கில் வராது.

இன்னொரு விஷயம். தேல்ஸ் செய்ததை ஏகபோகம் என்கிறார் அரிஸ்டாட்டில். லாபம் ஒருவருக்கு, கூடுதல் வாடகை ஆலிவ் விளைவித்தவர்களுக்கு. ஒரு வேனைப் பேசி வைப்பது சாமர்த்தியம். ஏரியாவில் இருக்கும் எல்லா வேனையும் மடக்கிவிட்டால், அந்தச் சுமை கடைசியில் தெருவில் மீன் விற்கும் அக்கா தலையில்தான் விழும்.