ராகுலர் பெற்ற சொத்து

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு அருகே, தேயிலைத் தோட்டங்கள் சூழ அமைந்துள்ள மலையூர் சூரியநெல்லி. கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகள் இங்கிருந்துதான் புறப்படுகின்றன. இங்குள்ள தோட்ட லயங்களில் வாழும் குடும்பங்களுள் பலவற்றுக்குத் தாய்மொழி தமிழ். விடியற்காலையில் தாய்மார்கள் கொழுந்து கிள்ளச் செல்வார்கள். பிள்ளைகள் பனியில் நடுங்கியபடி பள்ளிக்குச் செல்வார்கள்.

அந்தப் பிள்ளைகளுள் பதினைந்து, பதினாறு வயதை எட்டியவர்களின் மனத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மதிப்பெண்ணைப் பற்றி வீட்டில் சொன்ன ஒரு சிறு பொய் உள்ளே உறுத்துகிறது. கைப்பேசியில் பிறருடைய அழகையும் உடையையும் கண்டு ஏக்கம் பிறக்கிறது. நண்பன் கேலியாகச் சொன்ன ஒரு சொல் இரவு முழுவதும் நெஞ்சைச் சுடுகிறது. பெற்றோர் தன்னைப் புரிந்துகொள்ளவில்லை என்ற தாபம் வேறு. சூரியநெல்லியில் மட்டுமல்ல, சென்னையிலும் தில்லியிலும் இந்த வயது இப்படித்தான் இருக்கிறது.

மன்னர்களுக்கும் துறவிகளுக்கும் வணிகர்களுக்கும் அறம் உரைத்த பகவான் புத்தர், இந்த வயதினருக்கு ஏதேனும் கூறியிருக்கிறாரா? ஆம், கூறியிருக்கிறார். அதுவும் தம் சொந்த மகனுக்கே கூறியிருக்கிறார். ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருபது வயது இளைஞனாக வளரும்வரை அவனுக்குப் படிப்படியாக அளிக்கப்பட்ட பயிற்சியைப் பாலி மொழி நூல்கள் பாதுகாத்து வைத்துள்ளன. அந்த மகனே ராகுலர்.

தந்தையை அறியாத பிள்ளை

ஏறக்குறைய 2500 ஆண்டுகளுக்கு முன்பு, சாக்கியர்களின் தலைநகரான கபிலவஸ்துவில் சித்தார்த்தருக்கும் யசோதரைக்கும் மகனாகப் பிறந்தார் ராகுலர். மகன் பிறந்த செய்தி வந்தபோது, தமக்கு ஒரு தளை பிறந்துவிட்டது என்று சித்தார்த்தர் கருதினார் என்றும், அதனாலேயே குழந்தைக்கு அந்தப் பெயர் அமைந்தது என்றும் பாலி மரபு கூறுகிறது. அன்றிரவே சித்தார்த்தர் அரண்மனையை விட்டு வெளியேறினார்.

பாட்டனார் சுத்தோதனரின் அரவணைப்பில் வளர்ந்த அந்தக் குழந்தைக்குத் தந்தை என்பது பிறர் சொல்லக் கேட்ட ஒரு பெயர் மட்டுமே. ஞானம் பெற்ற புத்தர் கபிலவஸ்துவுக்கு வந்தபோது ராகுலருக்கு வயது ஏழு. யசோதரை மகனை அலங்கரித்து, துறவியர் கூட்டத்தின் நடுவே வந்துகொண்டிருந்தவரைச் சுட்டிக்காட்டி, அவரே உன் தந்தை, அவரிடம் சென்று உனக்கு உரிய சொத்தைக் கேள் என்று அனுப்பிவைத்தார். சிறுவன் அருகே சென்றான். தந்தையின் நிழல் அவனுக்கு இதமாக இருந்தது. அதை அவன் வாய்விட்டே சொன்னான். புத்தர் எழுந்து நடந்தபோது, சொத்தைக் கேட்டுக்கொண்டே பின்தொடர்ந்தான்.

அழிந்துபோகும் செல்வத்தைவிடத் தாம் போதிமரத்தடியில் பெற்றதே உயர்ந்த சொத்து என்று கருதிய புத்தர், தம் தலைமைச் சீடரான சாரிபுத்தரிடம் சிறுவனை ஒப்படைத்தார். ராகுலர் சாமணேரர், அதாவது இளந்துறவி ஆனார்.

இந்த நிகழ்ச்சியின் மறுபக்கத்தையும் அந்த நூல்கள் மறைக்கவில்லை. மகனைத் துறவுக்குக் கொடுத்துத் துயருற்றிருந்த சுத்தோதனர், இப்போது பேரனையும் இழந்து கலங்கினார். பெற்றோரின் சம்மதமின்றி எந்தப் பிள்ளைக்கும் துறவளிக்கக் கூடாது என்று அவர் வேண்டினார். முதியவரின் வேதனையில் இருந்த நியாயத்தைப் புத்தர் ஏற்றுக்கொண்டார். அன்றே அது சங்கத்தின் விதியாயிற்று. பிள்ளைகளின் உயர்வை நாடுவோர் பெற்றோரின் உள்ளத்தையும் மதிக்க வேண்டும் என்ற பாடம் அதில் அடங்கியுள்ளது.

பாத்திரத்தில் எஞ்சிய தண்ணீர்

ராகுலருக்குக் கற்பதில் அளவற்ற ஆர்வம் இருந்தது. தினமும் காலையில் ஒரு கைப்பிடி மணலை அள்ளி, இன்று இத்தனை அறிவுரைகள் எனக்குக் கிடைக்கட்டும் என்று அவர் வேண்டிக்கொள்வார் என உரைநூல்கள் கூறுகின்றன. பயிற்சியில் விருப்பம் உள்ளவர்களுள் முதன்மையானவர் என்று பிற்காலத்தில் புத்தரே அவரைப் போற்றினார். ஆயினும் சிறுவன் சிறுவனே. சீன மொழியில் நிலைபெற்ற பௌத்த மரபொன்றின்படி, புத்தரைக் காண வந்தவர்களிடம் அவர் இருக்கும் இடத்தை மாற்றிச் சொல்லி ராகுலர் விளையாடுவதுண்டு.

ராஜகிருகத்தில் புத்தர் வேணுவனத்தில் தங்கியிருந்த காலம். ஒருநாள் மாலை ராகுலர் இருந்த அம்பலட்டிகை என்னும் இடத்திற்கு அவர் சென்றார். மகன் இருக்கை விரித்து, கால் கழுவத் தண்ணீர் வைத்தார். புத்தர் கால்களைக் கழுவிய பின் பாத்திரத்தில் சிறிது தண்ணீரை மட்டும் எஞ்சவிட்டார். தெரிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனிடம் எஞ்சும் துறவு அவ்வளவே என்று காட்டினார். பிறகு அந்தத் தண்ணீரையும் கொட்டினார், பாத்திரத்தைக் கவிழ்த்தார், மீண்டும் நிமிர்த்தி, அது வெறுமையாக இருப்பதைக் காட்டினார். வேடிக்கைக்காகக்கூடப் பொய் சொல்வதில்லை என்று பழகிக்கொள்ளுமாறு பணித்தார்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? போர்க்களத்தில் துதிக்கையைக் காத்துக்கொள்ளும் அரச யானை இன்னும் தன் உயிரைப் பேணுகிறது என்று பொருள். துதிக்கையையும் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால் அது செய்யத் துணியாதது எதுவுமில்லை என்று அவர் விளக்கினார். பொய்க்கு அஞ்சாதவனுக்கு எந்தத் தீமையும் எளிதாகிவிடும் என்பதே கருத்து. அவர் மகனை அடிக்கவில்லை, பிறர்முன் அவமதிக்கவும் இல்லை. நடந்து சென்று, தனிமையில், கையில் இருந்த பொருளைக் கொண்டே உணர்த்தினார்.

மூன்று வேளைச் சோதனை

அதே மாலையில் புத்தர் மகனிடம் கண்ணாடி எதற்குப் பயன்படுகிறது என்று வினவினார். முகத்தைப் பார்த்துக்கொள்வதற்கு என்று ராகுலர் விடையளித்தார். அவ்வாறே ஒவ்வொரு செயலையும், சொல்லையும், எண்ணத்தையும் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும் என்று புத்தர் கற்பித்தார்.

இந்தச் சோதனைக்கு மூன்று வேளைகள் உண்டு. செய்வதற்கு முன்பு, இது எனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா என்று எண்ண வேண்டும். தருமென்றால் செய்யக் கூடாது. செய்துகொண்டிருக்கும்போதே தீங்கு என்று தெரிந்தால் பாதியில் நிறுத்திவிட வேண்டும். செய்த பின்பு தீங்கு என்று உணர்ந்தால், ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழரிடமோ மறைக்காமல் சொல்லி, இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ள வேண்டும். நன்மையே விளைந்திருந்தால் அந்த மகிழ்ச்சியோடு மேலும் முயல வேண்டும்.

குற்றம் செய்துவிட்டோமே என்று ஓர் இளைஞன் தன்னைத்தானே வெறுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். முன்பு தவறவிட்டால் இடையில் நிறுத்தலாம். இடையிலும் தவறவிட்டால் பின்பு திருந்தலாம். கோபத்தில் ஒரு செய்தியைக் கைப்பேசியில் எழுதிவிட்டு அனுப்புவதற்கு முன் ஒரு கணம் நிற்கும் மாணவன் இந்தப் பயிற்சியைத்தான் செய்கிறான். அனுப்பிவிட்டு வருந்தி, மறுநாள் நண்பனிடம் நேரில் மன்னிப்புக் கேட்பவனும் இதே பயிற்சியைத்தான் செய்கிறான்.

சலுகை கேட்காத மகன்

புத்தரின் மகன் என்பதால் ராகுலருக்கு எந்தத் தனிச் சலுகையும் இருக்கவில்லை. அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று சோதிக்க, சில பிட்சுக்கள் துடைப்பத்தையும் குப்பையையும் எறிந்துவிட்டு, யார் இப்படிச் செய்தது என்று அவர் காதுபடக் கேட்பார்களாம். நான் அறியேன் என்று வாதாடாமல், ராகுலர் அவற்றை எடுத்து ஒழுங்குபடுத்திவிட்டு மன்னிப்பும் கேட்பார்.

முழுத்துறவு பெறாதவர்களுடன் ஒரே கூரையின் கீழ் பிட்சுக்கள் உறங்கக் கூடாது என்று ஒருமுறை விதி ஏற்பட்டது. கோசாம்பியில் அந்த விதியின் காரணமாக ராகுலருக்குப் படுக்க இடமில்லாமல் போயிற்று. அவர் யாரிடமும் குறை கூறவில்லை. கழிப்பறையில் சென்று படுத்துக்கொண்டார். விடியற்காலையில் அங்கே வந்த புத்தர் மகனைக் கண்டார். ராகுலருக்கே இந்த நிலை என்றால் மற்றச் சிறுவர்களின் கதி என்ன என்று அவர் எண்ணினார். சங்கத்தைக் கூட்டி, இளந்துறவிகள் சில இரவுகள் பிட்சுக்களுடன் தங்கலாம் என்று விதியைத் தளர்த்தினார். பணிவு சிறுவனின் கடமையாக இருந்தது. அந்தப் பணிவால் அவன் துன்புறாமல் காப்பது பெரியவர்களின் கடமையாக இருந்தது.

இன்னொரு நிகழ்ச்சி ஜாதகக் கதைகளில் வருகிறது. யசோதரையும் பின்னாளில் பிட்சுணி ஆனார். ஒருநாள் தாயைக் காணச் சென்ற ராகுலர், அவர் வயிற்று நோயால் வருந்துவதை அறிந்தார். அரண்மனையில் இருந்தபோது சர்க்கரை கலந்த மாம்பழச் சாறு அந்நோயைத் தணித்தது என்று தாய் கூறினார். பிச்சை ஏற்று வாழும் சிறுவன் அதற்கு எங்கே போவான்? வாடிய முகத்துடன் நின்றவரைச் சாரிபுத்தர் விசாரித்தார். ராகுலர் தம் கவலையை மறைக்காமல் சொன்னார். மறுநாள் சாரிபுத்தர் கோசல மன்னரிடமிருந்து அந்தச் சாற்றைப் பெற்றுவந்து கொடுத்தார். தாயின் நோய் தணிந்தது. வீட்டுக் கவலையைத் தனக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் நினைவில் கொள்ள வேண்டிய நிகழ்ச்சி இது. நம்பத் தகுந்த ஒரு பெரியவரிடம் மனம் திறப்பது பலவீனம் அன்று.

பூமியைப் போல

ராகுலர் பதினெட்டு வயது இளைஞரானார். இந்த வயதை நமக்குச் சொல்பவர் 5-ஆம் நூற்றாண்டில் பாலி உரைகளை எழுதிய புத்தகோசர். அவர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தாமே குறிப்பிட்டிருப்பது தமிழர்க்கு மகிழ்வளிக்கும் செய்தி.

சிராவஸ்தியில் ஒருநாள் காலை, பிச்சைக்குச் சென்ற புத்தரின் பின்னே ராகுலர் நடந்தார். தந்தையின் பேரழகைக் கண்டார். தாமும் அவரைப் போலவே அழகன் என்ற எண்ணம் மனத்தில் தலைதூக்கியது. புத்தர் திரும்பிப் பார்த்தார். எந்த உருவமானாலும் அது நான் அன்று, என்னுடையது அன்று என்று உண்மையறிவோடு காணுமாறு சுருக்கமாகச் சொன்னார். நேருக்கு நேர் இத்தகைய உபதேசம் கிடைத்த நாளில் யார் உணவு தேடிச் செல்வார் என்று எண்ணிய ராகுலர், திரும்பிவந்து ஒரு மரத்தடியில் அமர்ந்தார். அங்கே கண்ட சாரிபுத்தர், மூச்சைக் கவனிக்கும் தியானத்தைப் பழகும்படி கூறினார்.

அன்று மாலை அந்தத் தியானத்தைப் பற்றிக் கேட்க வந்த மகனுக்குப் புத்தர் முதலில் மூச்சைப் பற்றிச் சொல்லவில்லை. பூமியைப் போல் இருக்கக் கற்றுக்கொள் என்றார். தூய பொருளையும் அசுத்தத்தையும் மக்கள் மண்ணின்மேல் போடுகிறார்கள். அதனால் மண் அருவருப்பதும் இல்லை, கலங்குவதும் இல்லை. நீர், நெருப்பு, காற்று, வெளி ஆகியவையும் அப்படியே. அவற்றைப் போல் மனத்தைப் பழக்கினால் இனியவையும் இன்னாதவையும் அதைப் பற்றிக்கொள்ள மாட்டா என்று விளக்கினார். பின்னர் பகைக்கு மருந்தாக அன்பையும், கொடுமைக்கு மருந்தாகக் கருணையையும், மனக்கசப்புக்கு மருந்தாகப் பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வதையும், எரிச்சலுக்கு மருந்தாக நடுநிலையையும் கற்பித்தார். இவற்றுக்கெல்லாம் பிறகே மூச்சைக் கவனிக்கும் முறையை விரித்துரைத்தார்.

இந்த வரிசை சிந்திக்கத் தக்கது. அழகைப் பற்றிய கர்வமும், பிறர் பழிப்பால் வரும் குமுறலும் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. பிறர் பார்வையில் நான் எப்படித் தோன்றுகிறேன் என்ற ஓயாத கவலையே அந்த வேர். அது தளர்ந்த மனமே தியானத்தில் அமரும்.

சொத்து கைக்கு வந்தது

இருபது வயதில் ராகுலர் முழுத்துறவு பெற்றார். அவர் மனம் கனிந்துவிட்டதை உணர்ந்த புத்தர், சிராவஸ்திக்கு அருகிலுள்ள அந்தவனத்திற்கு அவரை அழைத்துச் சென்றார். புலன்களும் அவை காட்டும் பொருள்களும் நிலையற்றவை என்று அங்கே அவர் உரைத்தபோது, ராகுலர் பற்றுகள் அனைத்தும் நீங்கி அருகத நிலையை அடைந்தார். ஏழு வயதில் கேட்ட சொத்து அன்று முழுமையாக அவரை வந்தடைந்தது. புத்தருக்கும் சாரிபுத்தருக்கும் முன்பே அவர் மறைந்தார் என்று உரைநூல்கள் கூறுகின்றன.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகச் சக்கரவர்த்தி, துறவிகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்க வேண்டிய அறவுரைகள் என்று ஏழினைக் கல்லில் பொறித்தார். பொய்யைக் குறித்து ராகுலருக்குப் புத்தர் கூறிய அறிவுரை அவற்றுள் ஒன்று. ராஜஸ்தானத்தின் பைராட் பகுதியில் கிடைத்த அந்தக் கல்வெட்டு இப்போது கொல்கத்தா ஆசியக் கழகத்தில் உள்ளது. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரதம் வந்த சீன யாத்திரிகர் பாகியான், இளந்துறவிகள் ராகுலரைச் சிறப்பாக வழிபட்டதைக் குறித்துவைத்தார். ஒரு சிறுவனுக்குச் சொன்னதைப் பேரரசரும் தமக்கு வேண்டியதாகவே கருதினார்.

மீண்டும் சூரியநெல்லியை நினைத்துக்கொள்வோம். அங்குள்ள பிள்ளைகள் துறவு பூண வேண்டியதில்லை. காட்டுக்குச் செல்ல வேண்டியதும் இல்லை. அவர்கள் காலடியிலேயே மண் இருக்கிறது. மழையும் பனியும் வெயிலும் மாறிமாறி விழுந்தாலும், ஆயிரம் கால்கள் மிதித்தாலும், மறுவாரம் புதுக் கொழுந்தைத் தருகின்ற மண் அது. பள்ளிக்குப் புறப்படும் முன் கண்ணாடியில் முகம் பார்க்கும்போது, நேற்று நான் சொன்ன சொல் யாரையாவது வருத்தியதா என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் போதும். ராகுலர் பெற்ற சொத்தில் ஒரு பங்கு அந்தப் பிள்ளைக்கும் வந்து சேரும்.