சீனாவையும் இந்தியாவையும் 1951-லேயே ஒப்பிட்டுப் பார்த்த தஞ்சாவூர்க்காரர்: யார் இந்த ஜே.சி.குமரப்பா?

தாம்பரத்திலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் ஆட்களை ஏத்திக்கிட்டு வரிசையா போற கம்பெனி பஸ்களைப் பார்த்திருப்பீங்க. செல்போன், கார் என்று அங்கே ஆலைகள் பெருகப் பெருக, டீக்கடையிலும் டிவி விவாதத்திலும் ஒரே கேள்விதான் ஓடுது. சீனா மாதிரி நம்மால ஆக முடியுமா?

இந்த ஒப்பீடு புதுசு இல்லை. 1951-லேயே ஒரு தமிழ்ப் பொருளாதார அறிஞர் சீனாவுக்கு நேரில் போய், அதை இந்தியாவோடு ஒப்பிட்டு எழுதினார். ஆனா அவர் ஆலைகளை எண்ணிப் பார்க்கப் போகவில்லை. நிலம் யார் கையில் இருக்கு, கடைசி விவசாயி வயிறு நிறையுதா என்று பார்க்கப் போனார். அவர்தான் ஜே.சி.குமரப்பா.

கோட் சூட் போட்ட ஆடிட்டர்

1892 ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போதைய பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தார். ஊர் திரும்பியதும் பம்பாயில் ஆடிட்டர் தொழில், நல்ல வருமானம், மேல்நாட்டு உடை என வசதியான வாழ்க்கை.

1927-ல் அமெரிக்கா போனார். அங்கே கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதித் துறையில் பெயர் பெற்ற பேராசிரியர் செலிக்மனிடம் படித்தார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பதையே ஆய்வுப் பொருளாக எடுத்தார். ஆங்கிலேய அரசின் வரவு செலவுக் கணக்குகளை ஆடிட்டர் கண்ணோடு பார்த்தால், பதில் அதற்குள்ளேயே இருந்தது. ஏழையிடம் வாங்கின வரி, ஏழைக்குத் திரும்பி வரவே இல்லை.

காந்தியைச் சந்தித்த நாள்

1929 மே 9. அந்த ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். காந்தி அதைத் தன் 'யங் இந்தியா' இதழில் தொடராக வெளியிட்டார். கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் உள்ள மாதர் தாலுகா கிராமங்களின் பொருளாதார நிலையைக் கணக்கெடுக்க வேண்டும்.

குமரப்பாவுக்கு குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீடத்து ஆட்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஊர் ஊராக, வீடு வீடாகக் கணக்கு எடுத்தார். ஒரு குடும்பத்துக்கு வருவது எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, கடனுக்கும் வரிக்கும் எவ்வளவு என்று எல்லாம் எழுதப்பட்டது. இந்தியாவின் ஆரம்பகாலக் கிராமப் பொருளாதார ஆய்வுகளில் அது முக்கியமானது.

அதே காலத்தில்தான் கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டு, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவுக்கு மாறினார். உடை கதராச்சு. 1934-ல் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தொடங்கியபோது செயலாளர் ஆனார். சுதந்திரப் போராட்டத்தில் பலமுறை சிறை. 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் கைதாகி ஜபல்பூர் சிறையில் இருந்தபோதுதான் நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் உருவானது. இயற்கை திரும்ப உண்டாக்கித் தருவதை வைத்து வாழ். தோண்டத் தோண்டத் தீர்ந்துபோவதை நம்பி வாழாதே. அதன் சாரம் இதுதான்.

நிலம் யாருக்கு?

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1949-ல் அறிக்கை வந்தது. உழுகிறவருக்கும் அரசுக்கும் நடுவே இடைத்தரகர் கூடாது. ஒரு குடும்பம் பிழைக்கத் தேவையான நிலத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் யாரிடமும் நிலம் இருக்கக் கூடாது. இவை அதன் முக்கியப் பரிந்துரைகள். அறிக்கை பாராட்டப்பட்டது. அமலாக்கம் மட்டும் நத்தை வேகத்தில் நடந்தது.

அதே நேரத்தில் பக்கத்து நாடான சீனா, 1950 ஜூனில் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்து வேகவேகமாக நிலத்தைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. சீன அரசின் கணக்குப்படி சுமார் 30 கோடி விவசாயிகளுக்கு நிலம் கிடைத்தது. இங்கே காகிதத்தில் கிடப்பது அங்கே எப்படி நடக்குது? குமரப்பாவுக்கு இதை நேரில் பார்த்தே ஆகணும்.

1951: சீனப் பயணம்

பண்டித சுந்தர்லால் தலைமையில் இந்திய நல்லெண்ணக் குழு ஒன்று 1951-ல் சீனா போனது. அதில் குமரப்பாவும் ஒருவர். திரும்பி வந்ததும் தான் கண்டதைப் புத்தகமாக எழுதினார். விவசாயியை மையமாக வைத்து ஒரு அரசு வேலை செய்வதைப் பாராட்டினார். காந்தியின் நாட்டிலேயே கிராமம் பின்னுக்குத் தள்ளப்படுகிறதே என்ற ஆதங்கமும் அதில் இருந்தது.

அவரை கம்யூனிஸ்ட் ஆகிவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். ஆனா வன்முறையை அவர் ஏற்றதே இல்லை. அந்த மாற்றத்தை அகிம்சை வழியில் இந்தியாவில் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் நிலை.

அவருக்குப் பின்னாலும் இந்தப் பயணங்கள் தொடர்ந்தன. 1956-ல் மட்டும் சீன விவசாயத்தையும் கூட்டுறவையும் ஆராய இந்தியாவிலிருந்து இரண்டு குழுக்கள் போயின. அதே ஆண்டு சீனப் பிரதமர் சூ என்லாய் இந்தியா வந்தபோது, மாமல்லபுரம் பக்கத்தில் உள்ள குழிப்பாந்தண்டலம் கிராமத்துத் தாய்-சேய் நல மையத்துக்கும் வந்தார். 1962 போர் இந்தப் போக்குவரத்தை முறித்துப் போட்டது.

அவர் கண்ணுக்குத் தெரியாதது

குமரப்பாவின் ஒப்பீட்டில் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. மாதர் தாலுகாவில் அவரே வீட்டுக் கதவைத் தட்டினார். சீனாவில் அவர் விருந்தாளி. காட்டியதைப் பார்க்கலாம், மொழிபெயர்ப்பாளர் சொன்னதைக் கேட்கலாம். நிலம் பிரிக்கப்பட்ட அதே மாதங்களில் லட்சக்கணக்கான நில உரிமையாளர்கள் கொல்லப்பட்டதன் முழு அளவு அப்போது வெளியே தெரியவில்லை.

அடுத்த சில ஆண்டுகளில், விவசாயிக்குக் கொடுத்த நிலத்தைச் சீன அரசு கூட்டுப் பண்ணைகளுக்குத் திரும்ப எடுத்துக்கொண்டது. 1958-ல் கம்யூன்கள் வந்தன. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் இறந்தவர்கள் பற்றிய மதிப்பீடுகள் ஒன்றரைக் கோடியில் தொடங்கி மூன்று கோடிக்கும் மேலே போகின்றன. பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே, 1960 ஜனவரி 30-ஆம் தேதி, காந்தியின் நினைவு நாளில், சென்னையில் குமரப்பா காலமானார். அந்தச் செய்தி அவரை எட்டவே இல்லை.

பின்னாளில் அமர்த்தியா சென்னும் ஜான் டிரேஸும் இரு நாடுகளையும் ஒப்பிட்டார்கள். சுதந்திரமான பத்திரிகையும் எதிர்க்கட்சியும் உள்ள இந்தியாவில் அப்படிப்பட்ட பஞ்சம் வரவில்லை. ஆனா எழுத்தறிவிலும் உடல்நலத்திலும் சீனா முந்திவிட்டது என்று காட்டினார்கள். குமரப்பா பாராட்டியதிலும் உண்மை இருந்தது; அவர் பார்வைக்கு வராததிலும் உண்மை இருந்தது.

சரி, நமக்கு என்ன சம்பந்தம்?

தமிழ்நாட்டில் நில உச்சவரம்புச் சட்டம் 1961-ல் வந்தது, அதாவது அவர் இறந்த அடுத்த ஆண்டு. இன்னிக்கு தாம்பரம் தாண்டி படப்பை, ஒரகடம் வரைக்கும் போனா, வயலாகவும் ஏரிப் பாசனமாகவும் இருந்த இடங்களில் மனைக் கற்களும் ஆலைச் சுவர்களும் நிற்கின்றன. வேலை வந்திருக்கு, சம்பளம் வந்திருக்கு. அது பெரிய விஷயம்தான்.

ஆனா குமரப்பா இருந்திருந்தா, எத்தனை லட்சம் செல்போன் ஏற்றுமதி ஆச்சு என்பதோடு நிறுத்தியிருக்க மாட்டார். நிலத்தை விற்றவர் கையில் இப்போ என்ன இருக்கு, ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்ணுக்கு மாசக் கடைசியில் என்ன மிஞ்சுது, ஏரியில் தண்ணி நிக்குதா என்று நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போயிருப்பார். அடுத்த தடவை யாராவது சீனாவோடு நம்மை ஒப்பிட்டால், இந்த மூணு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்க.