தேக்கடி ஏரியைக் கட்டிய இன்ஜினியர்

புரட்டாசி சனிக்கிழமை திருவண்ணாமலைக்குப் போகாத ஆள் நம்ம ஹாஸ்டலில் கம்மி. கிரிவலம் போகிற திருவண்ணாமலை இல்லை, வெளியூர் மக்களே. இது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் சின்னக் குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் இருக்கிற நம்ம திருவண்ணாமலை. படியேறிப் போய், கூட்டத்தில் நசுங்கி, சாமி கும்பிட்டுவிட்டு மேற்கே திரும்பினால் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கும். அந்தச் சுவருக்குப் பின்னால், ஏறக்குறைய நேர் மேற்கே, ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கிறது தேக்கடி ஏரி. காக்காவுக்குத்தான் இந்தக் கணக்கு. நமக்கு உசிலம்பட்டி, தேனி, கம்பம், குமுளின்னு சுத்திப் போனால்தான் உண்டு.

போன செமஸ்டர் டூரில் அப்படிச் சுத்திப் போனவன் நான். படகில் உட்கார்ந்ததும் எல்லாரும் போன் எடுத்தது யானைக்காக இல்லை, தண்ணிக்கு நடுவில் நிற்கிற மொட்டை மரங்களுக்காக. இலையில்லாத கறுத்த கட்டைகள், உச்சியில் நீர்க்காகம். இன்ஸ்டாவில் பார்த்திருப்பீங்க. அது என்ன மரம், ஏன் ஏரிக்கு நடுவில் நிற்குதுன்னு படகில் யாருக்கும் கேட்கத் தோணலை. திரும்பி வந்து தேடினபோதுதான் அது 1895-இல் மூழ்கின காடுன்னு தெரிந்தது. தேக்கடி இயற்கையா அமைந்த ஏரி இல்லை. அதை ஒரு சிவில் இன்ஜினியர் உண்டாக்கினார்.

அவர் பெயர் ஜான் பென்னிகுயிக். தேனிக்காரங்க வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிற அதே மீசைக்காரர்.

1841 ஜனவரி 15-ஆம் தேதி புனேயில் பிறந்தார். அப்பா பிரிட்டிஷ் ராணுவத்தில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13 அன்று, பஞ்சாபில் சீக்கியப் படையோடு நடந்த சில்லியான்வாலா சண்டையில் அப்பா செத்தார். அதே சண்டையில், அதே நாளில், 17 வயது அண்ணனும் செத்தார். ஜானுக்கு எட்டு வயசு முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்த பையன் ராணுவமே வேண்டாம்னு ஓடியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டாங்க. அவர் இங்கிலாந்தில் செல்டன்ஹாமில் படித்து, அடிஸ்கோம்ப் ராணுவக் கல்லூரிக்குப் போய், 1858-இல் மதராஸ் இன்ஜினியர்ஸ் படையில் சேர்ந்தார். 1860-இல் இந்தியா வந்து மதராஸ் மாகாணப் பொதுப்பணித் துறைக்குப் போனார். அந்தக் காலத்தில் அணை, வாய்க்கால், பாலம் எல்லாவற்றுக்கும் ராணுவ இன்ஜினியர்கள்தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கம் கொட்டும். மலை தடுத்துவிடுவதால் நம்ம பக்கம் சாரலோடு சரி. பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுகிறது. மலைக்குக் கிழக்கே வைகைக் கரையில் மதுரையும் ராமநாதபுரமும் காய்கிறது. அந்த ஆற்றை இந்தப் பக்கம் திருப்ப முடியுமா? கேள்வி பென்னிகுயிக்குடையது இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மலைக்கு ஆள் அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். முடியும் என்றுதான் வந்து சொன்னாங்க, ஆனால் காசு இல்லை. 1808-இல் கேப்டன் கால்டுவெல் என்ற இன்ஜினியர் ஆராய்ந்துவிட்டு, இது வெறும் கற்பனை, இனிமேல் யாரும் இதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தார். 1850-இல் சின்னதா ஒரு அணை ஆரம்பித்து, காய்ச்சலுக்குப் பயந்து கூலியாட்கள் ஓடிப்போனதால் நின்றது. 1860-களில் ரைவ்ஸ் என்ற இன்ஜினியர் மண் அணைக்குத் திட்டம் போட்டார். அதற்கப்புறம்தான் கோப்பு பென்னிகுயிக் கைக்கு வந்தது. வந்த நேரத்தில் 1876–78 தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கான பேர் செத்தாங்க. பஞ்சத்தால் திட்டம் தள்ளிப்போச்சு. அதே பஞ்சம்தான் இந்தத் திட்டத்தை இனியும் தள்ள முடியாதபடி ஆக்கியது. 1882-இல் திட்டத்தைத் திருத்தி எழுதச் சொல்லி பென்னிகுயிக்குக்கு உத்தரவு வந்தது.

அவர் போட்ட திட்டத்தை நம்ம மூன்றாம் வருஷ சிவில் மக்கள் ரசிப்பாங்க. பொதுவா அணையிலிருந்து மதகு வழியா கீழே தண்ணி விடுவாங்க. இங்கே அந்த வேலை கிடையாது. ஆற்றை மறித்தால் தண்ணி பின்னால் ஏறிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் நீர்ப்பிரிமுகட்டின் காலடியைத் தொடும். அந்த இடம்தான் தேக்கடி. அங்கே முகட்டைக் குடைந்து 1.7 கிலோமீட்டருக்கு ஒரு சுரங்கம். அதற்குள் போன தண்ணி மறுபக்கம் குமுளி மலைச்சரிவில் விழுந்து, வைரவனாறு, சுருளியாறு வழியா வைகையில் சேரும். அணையில் 104 அடிக்கு மேல் இருக்கிற தண்ணிதான் தமிழ்நாட்டுக்கு வரும்; அதற்குக் கீழே இருப்பது அங்கேயே கிடக்கும். மேற்கே ஓடுகிற ஆற்றை ஒரு பம்புகூட இல்லாமல் கிழக்கே அனுப்பியாச்சு. ஒரே ஒரு நிபந்தனை, ஆறு தன் பள்ளத்தை விட்டு 150 அடி உயர்ந்தாகணும். மண் அணை வெள்ளத்துக்குத் தாங்காது என்று சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட்டை உள்ளே வைத்து, வெளியே கருங்கல் கட்டு. அணையின் எடையே தண்ணியைத் தாங்கும், நாம் கிராவிட்டி டேம் என்று படிக்கிற வகை. சுர்க்கி என்றால் சுட்ட செங்கல் பொடிதான். இந்தியாவில் சிமென்ட் ஆலை வராத காலம் அது.

இடம் திருவிதாங்கூருடையது. 1886 அக்டோபர் 29-ஆம் தேதி 999 வருஷக் குத்தகை எழுதினாங்க. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். அந்தக் குத்தகையைப் பற்றி இன்றைக்கும் இரண்டு மாநிலமும் கோர்ட்டில் சண்டை போடுகிறது, அது தனிக்கதை.

1887-இல் வேலை ஆரம்பம். பக்கத்தில் ரோடு இல்லை, ஊர் இல்லை. யானைக்காடு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சுண்ணாம்பை மலை மேல் ஏற்ற கம்பிவடம் கட்டினாங்க. அங்கிருந்து ஆற்றில் படகு. சுரங்கம் குடைய அழுத்தக்காற்றில் ஓடும் துரப்பணம், அந்தக் காற்றை அழுத்த ஆற்றுத்தண்ணியிலேயே சுற்றும் டர்பைன். வேலைக்கு மதராஸ் பயனியர் பட்டாளம், கொச்சியிலிருந்து போர்ச்சுகீசியத் தச்சர்கள், கீழே இருந்து ஆயிரக்கணக்கான கூலி ஜனம்.

கஷ்டம் அணை எழுப்புவதில் இல்லை, அஸ்திவாரத்தில். ஓடுகிற ஆற்றை ஒரு பக்கமா ஒதுக்கித் தற்காலிகத் தடுப்பு போட்டு, உள்ளே தண்ணியை இறைத்துவிட்டு, பாறையில் முதல் கல் வைக்கணும். வெள்ளம் வரும், தடுப்பு போகும். மறுபடி போடுவாங்க, மறுபடி போகும். கோடை வந்தால் வெள்ளம் இல்லையே, அப்போது வேலை பார்க்கலாமே என்றால், கோடையில்தான் காய்ச்சல் உச்சம். முகாமையே காலி பண்ணிக்கொண்டு கீழே இறங்கணும். மலேரியா கொசுவால் வருகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல், அணை திறந்து இரண்டு வருஷம் கழித்து. கட்டினவங்களுக்கு அது கெட்ட காற்று, அவ்வளவுதான் தெரியும். கொசுவலை என்பதே மருந்து என்று தெரியாத ஒரு கூடாரத்தில், மழைக்காட்டில், வருஷக்கணக்கில் தங்கியிருந்ததை நினைத்துப் பாருங்க. நம்ம ஆட்கள் ஒரு ராத்திரி கேம்புக்கே ஓடோமாஸ் மறந்தால் அழுகிறாங்க.

முகாமில் நோயில் செத்தவங்க 483 பேர் என்று கணக்கு இருக்கிறது. அணைக்கு வடக்கே அங்கேயே புதைத்தாங்க. பென்னிகுயிக் பெயர் நமக்குத் தெரியும். இந்த 483 பேரில் ஒருத்தர் பெயரும் நம்ம யாருக்கும் தெரியாது.

இங்கே ஒரு கதையை எடுத்தாகணும். வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் வரும்: பாதியில் அரசு பணத்தை நிறுத்திவிட்டது, பென்னிகுயிக் இங்கிலாந்து போய்ச் சொத்தையும் மனைவி நகையையும் விற்று வந்து அணையைக் கட்டி முடித்தார் என்று. எனக்கும் சின்ன வயசிலிருந்து பிடித்த கதை. ஆனால் அதற்கு ஆவணச் சான்று கிடையாது. அணை மதராஸ் அரசுப் பணத்தில் கட்டியது. கூட வேலை பார்த்த மெக்கன்சி என்ற இன்ஜினியர் 1899-இல் திட்டத்தின் வரலாற்றையே புத்தகமா எழுதியிருக்கிறார். இதைச் சொன்னால் எங்க ரூமில் இருக்கிற கம்பத்துக்காரன் சண்டைக்கு வருவான். ஆனால் எனக்கென்னவோ நகை விற்ற மனுஷனைவிட, அடித்துப்போன தடுப்பை எட்டு வருஷமா திரும்பத் திரும்பப் போட்ட மனுஷன்தான் பெரிய ஆளாத் தெரியறார். நகை விற்பது ஒரு நாள் முடிவு. இது சீசனுக்குச் சீசன் எடுக்க வேண்டிய முடிவு. நகைக்கதையில் அந்த 483 பேருக்கும் இடமே இல்லை என்பது இன்னொன்று.

1895 அக்டோபர் 10-ஆம் தேதி கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். அடுத்த வருஷம் பென்னிகுயிக் ஓய்வு பெற்றார். 1896 முதல் 1899 வரை கூப்பர்ஸ் ஹில்லில் இருந்த ராயல் இந்தியன் இன்ஜினியரிங் காலேஜுக்குத் தலைவர். அதாவது கடைசியில் அவரும் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார்தான். 1897-இல் பெரியாறு திட்டம் பற்றி லண்டன் சிவில் இன்ஜினியர்கள் சங்கத்தில் கட்டுரை சமர்ப்பித்தார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்துக்கு ஆலோசனை சொல்லப் போய்வந்தார். 1911 மார்ச் 9-ஆம் தேதி கேம்பர்லியில் காலமானார். பக்கத்து ஊரான பிரிம்லியில் புதைத்திருக்கிறாங்க.

அவர் போன பிறகு ஏரிக்குத் தனி வாழ்க்கை வந்தது. 1899-இலேயே சுற்றியிருந்த காட்டைத் திருவிதாங்கூர் காப்புக்காடாக்கியது. 1934-இல் நெல்லிக்காம்பட்டி விலங்குச் சரணாலயம், 1950-இல் பெரியாறு சரணாலயம், 1978-இல் புலிகள் காப்பகம். 26 சதுர கிலோமீட்டர் தண்ணி, சுற்றிலும் 900-க்கு மேற்பட்ட சதுர கிலோமீட்டர் காடு. மதுரை வயலுக்காகத் தேக்கின தண்ணிக்கு யானை வந்தது, யானையைப் பார்க்க நாம் போகிறோம். இது எதுவும் அவர் திட்ட அறிக்கையில் இருந்திருக்காது. காட்டை மூழ்கடித்தவர் என்ற கணக்கும் அவர் பேரில் இருக்கு, அந்த மொட்டை மரங்களே சாட்சி. அப்புறம் அந்தத் தண்ணியே ஒரு காட்டைக் காப்பாற்றவும் செய்தது. இரண்டையும் கழித்துக் கூட்டி விடை சொல்ல எனக்குத் தெரியலை.

டிரெக்கிங் போகிற கோஷ்டிக்கு: டைகர் டிரெயில் என்று காட்டுக்குள் நடந்து கூடாரத்தில் தங்குகிற நடை உண்டு. கூட்டிப்போகிறவங்களில் பலர் ஒரு காலத்தில் திருட்டுத்தனமாகக் காட்டுக் கருவாப்பட்டை உரித்தவங்க. 1990-களின் கடைசியில் வனத்துறையோடு சேர்ந்து வழிகாட்டிகள் ஆனாங்க. காடு அவங்களுக்குத் தெரிகிற மாதிரி கூகுள் மேப்புக்குத் தெரியாது.

நம்ம பக்கமும் சும்மா இல்லை. செண்பகத்தோப்பில் சாம்பல் அணில், 2021-இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் எல்லாம் அதே காட்டின் கிழக்குப் பாதி. புலிக்கு மாநில எல்லை கிடையாது. தண்ணிக்குத்தான் உண்டு: நமக்கு நேர் பின்னால் பெய்கிற மழை தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம்னு போகுது, அந்தப் பாசனப் பட்டியலில் நம்ம விருதுநகர் இல்லை. திருவண்ணாமலைப் படியில் நின்று இதை யோசித்தால் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்யும்.

1979-இல் அணை பலமா இருக்கா என்ற பயம் கிளம்பி நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினாங்க. பிறகு மேலே கான்கிரீட் தொப்பி, உள்ளே இரும்புக்கம்பி வடங்களால் நங்கூரம், பின்னால் கான்கிரீட் முட்டு என்று பலப்படுத்தி, 2014-இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. சுர்க்கிக் கலவை நூற்றாண்டு தாண்டியும் வழக்கு பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 15 அநேகமா பொங்கலோடு சேர்ந்து வரும். தேனி மாவட்டம் பாலார்பட்டியில் அன்றைக்கு வைப்பது பென்னிகுயிக் பொங்கல். லோயர் கேம்பில் 2013 முதல் அவருக்கு மணிமண்டபம். தேனி பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெயர். 2022-இல் கேம்பர்லியிலேயே சிலை வைத்தாச்சு.

அந்த 483 பேர் கிடக்கிற இடம் அணைப்பக்கம். டூரிஸ்ட் படகு அதுவரை போகாது, பாதி வழியிலேயே திரும்பிவிடும். அடுத்த பேட்ச் தேக்கடிக்குப் போனால் கோடையில் போங்க. தண்ணி இறங்கியிருக்கும், மொட்டை மரங்கள் இன்னும் நிறைய வெளியே தெரியும்.