இடியை மண்ணுக்குள் இறக்கியவர்



போன வருஷம் எங்க வீட்டு மொட்டை மாடியில் டிஷ் மாட்டினார்கள். வந்தவர் கேபிளை நேரே டி.வி.க்கு இழுத்துவிட்டு, எர்த் எல்லாம் எதுக்குத் தம்பி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. அப்போது லைப்ரரியில் தேடிப் படித்ததுதான் பெஞ்சமின் பிராங்க்ளின் வாழ்க்கை.

1706-ல் பாஸ்டனில் பிறந்தவர். அப்பா சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்றவர். 17 பிள்ளைகளில் இவர் பதினைந்தாவது. பள்ளிக்கூடம் இரண்டே வருஷம். பத்து வயசில் படிப்பு நின்றது. (எங்கப்பாவும் ஐந்தாவதோடு நின்றவர்தான்.) 12 வயசில் அண்ணனுடைய அச்சகத்தில் தொழில் பழகப் போனார். 17 வயசில் அங்கிருந்து ஓடிப்போய் பிலடெல்பியா சேர்ந்தார். அச்சுத் தொழிலில் நன்றாகச் சம்பாதித்து, 1748-ல் அதைக் கூட்டாளி கையில் கொடுத்துவிட்டு மின்சாரத்தில் இறங்கினார்.

மின்னலும் மின்சாரமும் ஒன்றா என்று பார்க்க உயரமான இரும்புக் கம்பியை நடலாம் என்று 1750-ல் எழுதினார். 1752 மே மாதம் பாரீஸ் பக்கத்தில் அப்படியே செய்து தீப்பொறி எடுத்துக் காட்டினார்கள். பட்டம் விட்டது அதற்கு அடுத்த மாதம். பட்டத்தில் மின்னல் விழுந்தது போல நாம் பார்க்கிற படம் தப்பு. விழுந்திருந்தால் ஆள் அங்கேயே காலி. மேகத்தின் மின்னூட்டம்தான் ஈர நூல் வழியாக இறங்கியது.

1753-ல் ரஷ்யாவில் ரிச்மன் என்ற விஞ்ஞானி இதே மாதிரி சோதனை செய்தார். அவர் கம்பி வீட்டுக்குள் வந்து கருவியோடு நின்றது, எர்த் இல்லை. மின்னல் அவர் தலை வழியாகப் போனது. அதே இடத்தில் இறந்தார்.

பிராங்க்ளின் தன்னுடைய 1753 பஞ்சாங்கத்தில் தெளிவாக எழுதியிருந்தார். கம்பியின் ஒரு முனை கட்டடத்துக்கு மேலே ஆறு அல்லது எட்டு அடி நிற்கணும், மறுமுனை ஈர மண்ணுக்குள் மூன்று நாலு அடி இறங்கணும். இதற்குக் காப்புரிமை எதுவும் அவர் வாங்கவில்லை.

ஆனால் அவர் வீட்டுக் கம்பியிலேயே நடுவில் இடைவெளி விட்டு இரண்டு மணி கட்டியிருந்தார். மேகம் வந்தால் மணி தானாக அடிக்கும். மனைவி டெபோரா பயந்துபோனார். 1758-ல் லண்டனிலிருந்து அவர் எழுதிய வழி: இரண்டு மணியையும் ஒரு கம்பியால் இணைத்துவிடு. இணைத்தால் இடைவெளி போயிற்று, சத்தமும் போயிற்று.

பின்னாளில் அவர் வீட்டில் நிஜமாகவே இடி விழுந்தது. கம்பியின் செம்பு முனை உருகிவிட்டது, வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. 1790-ல் 84 வயசில் காலமானார்.

எங்க டிஷ்ஷுக்கு வருவோம். கம்பத்திலிருந்து தடிமனான செம்புக் கம்பியை வளைவு இல்லாமல் கீழே இறக்கினேன். கேபிளின் வெளிப் பின்னலையும் வீட்டுக்குள் நுழையும் முன்பே அதோடு சேர்த்தேன். தனிக் குழி தோண்டி அப்படியே விடக்கூடாது; வீட்டு மெயின் எர்த்தோடு இணைக்கணும். இல்லாவிட்டால் இரண்டு எர்த்துக்கும் நடுவே வரும் மின்னழுத்தம் டி.வி. வழியாகத்தான் பாயும்.

நேரடி இடிக்கு இதுவும் முழுக் காப்பு இல்லை. மழை இருட்டினால் அப்பா இப்போதும் கேபிளைக் கழற்றச் சொல்வார். நானும் கழற்றிவிடுவேன்.

- இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை