பேகம் ரொக்கையா: பெண் கல்விக்காக வாழ்ந்த பெண்மணி

காலை நேரத்தில் செஞ்சியிலும் மேல்மலையனூரிலும் பள்ளி வேனுக்காகக் காத்து நிற்கும் பெண் பிள்ளைகளைப் பார்க்கிறோம். இன்று அது சாதாரணக் காட்சி. நூறு ஆண்டுகளுக்கு முன் கொல்கத்தாவில் முஸ்லிம் வீட்டுப் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வர ஒருவர் பட்ட பாட்டை நாம் அறிந்துகொள்வது நல்லது. அவர் பேகம் ரொக்கையா.

1880 டிசம்பர் 9-ல், இன்றைய பங்களாதேஷின் ரங்பூர் மாவட்டம் பைரபந்தில் ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து வயதிலிருந்தே, வீட்டுக்கு வரும் அந்நியப் பெண்களின் கண்ணில்கூடப் படாமல் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. பெண்கள் வங்காளமும் ஆங்கிலமும் படிப்பதைக் குடும்பம் விரும்பவில்லை. எல்லோரும் உறங்கிய பிறகு அண்ணன் இப்ராஹீம் ரகசியமாகக் கற்றுக்கொடுத்தார்.

கணவர் சகாவத் ஹுசைன், பாகல்பூரில் அரசு அதிகாரி. மனைவி எழுதுவதை ஊக்குவித்தவர். ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905-ல் நம் சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மேகசின்’ இதழில்தான் வந்தது. ஆண்கள் வீட்டுக்குள் இருக்க, பெண்கள் சூரிய வெப்பத்தைச் சேமித்து நாட்டை நடத்தும் கற்பனைக் கதை அது.

பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்க 10,000 ரூபாய் ஒதுக்கிவைத்திருந்த கணவர் 1909-ல் காலமானார். பிறந்த இரண்டு குழந்தைகளும் சிசுவிலேயே இறந்துவிட்டிருந்தன. அதே ஆண்டு பாகல்பூரில் 5 மாணவிகளுடன் கணவர் பெயரில் பள்ளி தொடங்கினார். சொத்துத் தகராறால் ஊரை விட்டு வர நேர்ந்தது. 1911-ல் கொல்கத்தாவில் 8 மாணவிகளுடன் மீண்டும் தொடங்கினார். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசிப் பிள்ளைகளைச் சேர்த்தார். 1916-ல் முஸ்லிம் பெண்களுக்கென ஒரு சங்கத்தையும் நிறுவினார்.

பள்ளி பஸ் அலமாரி போல நாலாபுறமும் அடைக்கப்பட்டிருந்தது. புழுக்கத்தில் குழந்தைகள் மயங்கி விழுந்தார்கள். அடைப்பை எடுத்துத் திரை போட்டார். காற்றில் திரை விலகுகிறது என்று மிரட்டல் கடிதங்கள் வந்தன. இரு பக்கத்துக்கும் பதில் சொல்லிக்கொண்டு பள்ளியை நடத்தினார்.

ரொக்கையா புர்கா அணிந்தே வெளியே சென்றவர். கண்ணியமான உடையை அவர் எதிர்க்கவில்லை. பெண்ணை அறைக்குள் பூட்டி, கல்வியை மறுப்பதையே எதிர்த்தார். மார்க்கம் தந்த உரிமையைச் சமூக வழக்கம் பறிக்கிறது என்பதே அவர் வாதம்.

கண்டதையும் கேட்டதையும் 47 சிறு சம்பவங்களாகப் பதிவு செய்து ‘அவரோத்பாசினி’ என்ற நூலாக 1931-ல் வெளியிட்டார். வீடு தீப்பிடித்தபோது முற்றத்தில் அந்நிய ஆண்கள் நிற்பதைக் கண்டு, திரும்பிப் போய்க் கட்டிலுக்கடியில் ஒளிந்து கருகி இறந்த பெண்ணின் கதை அதில் உண்டு. கேமரா கையில் இல்லாத காலத்தில் ஓர் ஆவணப்படத்தின் வேலையை அந்த நூல் செய்தது.

1932 டிசம்பர் 9-ல், தன் பிறந்த நாளிலேயே, 52 வயதில் வஃபாத்தானார். பெண்களின் உரிமை பற்றிய கட்டுரை ஒன்று எழுதி முடிக்கப்படாமல் இருந்தது. அந்த நாளைப் பங்களாதேஷ் இன்றும் ரொக்கையா தினமாகக் கடைப்பிடிக்கிறது. சகாவத் நினைவுப் பள்ளி கொல்கத்தாவில் இன்றும் நடக்கிறது.

பிளஸ் டூ போதும், மேலே எதற்குப் படிப்பு என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் எழுகிறது. அப்படி எழும்போது, அந்த எட்டு மாணவிகளையும் அவர்களை அனுப்பிவைத்த பெற்றோரையும் நாம் நினைத்துப் பார்ப்போம்.