மக்கு ஈயும் சர்க்கரையும்
(விஞ்ஞானி சீமோர் பென்சர் வாழ்க்கை வரலாறு)

இந்த இதழில் நான் எழுத எடுத்துக்கொண்டவர் சீமோர் பென்சர் என்ற அமெரிக்க விஞ்ஞானி. நான் பிறப்பதற்கு முன்பே, 2007 நவம்பர் 30-ல் இறந்துவிட்டார். இவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கு. அதைக் கடைசியில் சொல்றேன்.

வாழைப்பழம் நல்லா கனிஞ்சுட்டா குட்டிக் குட்டியா ஈ மொய்க்கும் இல்லையா, அதுதான் பழ ஈ. நாம கையால விரட்டுவோம். அந்த ஈயை வெச்சுத்தான் ஞாபகம் எப்படி உண்டாகுதுன்னு கண்டுபிடிக்கப் புறப்பட்டார் பென்சர்.

அவர் 1921 அக்டோபர் 15-ல் நியூயார்க் நகரில் பிறந்தார். பெற்றோர் போலந்து நாட்டிலிருந்து வந்த யூதர்கள். 13 வயதில் ஒரு நுண்ணோக்கி பரிசாகக் கிடைத்தது. அப்போது அவருக்கு என்னைவிட ஒரு வயசு கம்மி! ஆனால் கல்லூரியில் படித்தது இயற்பியல். 1947-ல் பர்டியூ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

பிறகு உயிரியலுக்கு மாறினார். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களை ஆராய்ந்து, ஒரே ஜீனுக்குள்ளே பல இடங்களில் மாற்றம் வரலாம் என்று வரைபடமே போட்டுக் காட்டினார். பெரிய பேர் கிடைத்தது. வேறொருத்தரா இருந்தா அதோட நின்னிருப்பாங்க. பென்சருக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஒரே வீட்டில் வளர்ந்தும் இரண்டு பேருக்கும் குணம் வேறு வேறு. அது ஏன் என்று யோசித்தவர், ஜீனுக்கும் குணத்துக்கும் உள்ள தொடர்பைப் பழ ஈயிடம் தேட ஆரம்பித்தார். 1967-ல் கால்டெக் நிறுவனத்தில் சேர்ந்தார்.

1974-ல் அவரும் குழுவினரும் ஈக்களுக்குப் பாடம் நடத்தினார்கள். ஒரு வாசனை வரும்போது லேசாக மின்சார ஷாக். இன்னொரு வாசனைக்கு ஒன்றுமில்லை. ஈக்கள் ஷாக் அடித்த வாசனையை ஞாபகம் வைத்து விலகின. 1976-ல் இதைக் கற்க முடியாத ஈ ஒன்றைப் பற்றி எழுதினார்கள். அதற்கு வைத்த பெயருக்குத் தமிழில் மக்கு என்று அர்த்தம். அதனிடம் பழுதாகி இருந்தது ஒரே ஒரு ஜீன்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். பென்சரோடு வேலை பார்த்த வில்லியம் குவின் என்பவரின் குழு 1983-ல் ஷாக்குக்குப் பதிலாகப் பசித்த ஈக்களுக்குச் சர்க்கரை கொடுத்துப் பார்த்தது. ஷாக்கில் கற்ற பாடம் சாதாரண ஈக்கு 4 முதல் 6 மணி நேரம்தான் நின்றது. சர்க்கரையில் கற்றதோ 24 மணி நேரம்! அந்த மக்கு ஈகூட சர்க்கரை கொடுத்தபோது மற்ற ஈக்களைப் போலவே கற்றுக்கொண்டது. ஆனால் சீக்கிரம் மறந்துவிட்டது.

காரணம் 2012-ல் இன்னும் தெளிவானது. சர்க்கரை கிடைத்ததும் டோபமைன் சுரக்கும் சில நரம்பு செல்கள், ஈ மூளையில் காளான் மாதிரி இருக்கும் பகுதிக்குச் சேதி அனுப்புகின்றன. அப்போது வந்த வாசனை, நல்ல வாசனை என்று அங்கே பதிஞ்சுடுது.

இப்போ என் காரணம். என் தம்பி மூணாவது படிக்கிறான். ஏழாம் வாய்ப்பாடு வரலைன்னு நான்தான் அவனை ஸ்கேலால அடிச்சேன், மக்குன்னு திட்டினேன். அவன் என்னைப் பார்த்தாலே நோட்டை மூடிடுவான். அதாவது ஷாக் அடித்த வாசனை நான்தான்! இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு.

தம்பி ஈ இல்லை, தெரியும். இருந்தாலும் ஸ்கேலை எடுத்து வெச்சுட்டு, ஒரு வரி சரியா சொன்னா ஒரு துண்டு கடலை மிட்டாய்னு ஆரம்பிச்சேன். முதல் நாள் 7 x 6 வரை சொன்னான். மறுநாள் பாதி மறந்துட்டான். நான் திட்டலை. திரும்பச் சொல்லிக் கொடுத்தேன். இப்போ அவனே நோட்டை எடுத்துக்கிட்டு வர்றான்.

நாமும் யாரையும் மக்கு என்று சொல்லாமல் இருப்போமா?

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி